அலகநந்தாவின் கரையில் ஒரு சிறிய நிலையம்

2023 ஜூலை 19 அன்று உத்தராகண்ட் மாநிலம் சமோலியில், அலகநந்தா ஆற்றின் கரையில் அமைந்த கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமொன்றில் மின்சாரம் பாய்ந்து 16 பேர் மாண்டனர். முதலில் இறந்தவர், முந்தைய இரவு அந்நிலையத்தில் பணியில் இருந்த தொழிலாளி. காலையில் செய்தியறிந்து அவருடைய உறவினர்களும் அருகிலுள்ள சிற்றூர்களின் மக்களும் திரண்டனர். பிரேத விசாரணைக்காகக் காவல்துறையினரும் வந்து சேர்ந்தனர். இரவில் தடைப்பட்டிருந்த மின்சாரம் மீண்டும் வந்த கணத்தில், அது நிலையத்தின் இரும்புக் கைப்பிடிகளின் வழியே பரவி, அங்கு நின்றவர்களைச் சாய்த்தது. ஒரு தொழிலாளியின் மரணத்துக்கு நியாயம் கேட்க வந்தவர்களும், அம்மரணத்தை எழுதிப் பதிவு செய்ய வந்தவர்களும் ஒரே இடத்தில் பிணமானார்கள். அவர்களுள் காவல் உதவி ஆய்வாளர் ஒருவரும் ஊர்க்காவல் படையினர் மூவரும் அடங்குவர்.

நிர்வாக விசாரணைக்கு ஆணையிடப்பட்டது, வழக்குப் பதிவாயிற்று, இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் நாட்டின் கவனம் வேறு திசைக்குச் சென்றுவிட்டது. மின்விபத்து என்ற தலைப்பின்கீழ் அந்தக் கோப்பு முடிந்தது. ஆனால் சமோலியில் நடந்ததை மின்விபத்தாக மட்டும் படிப்பது, பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டு முற்றுப்புள்ளி வைப்பதற்கு ஒப்பாகும். அந்நிலையம் ‘நமாமி கங்கே’ திட்டத்தின்கீழ் எழுந்தது. அதை நாள்தோறும் இயக்கும் பொறுப்பு ஒப்பந்த அடிப்படையில் தனியாரிடம் விடப்பட்டிருந்தது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்கூடக் கையாளாத மிகச் சிறிய நிலையம் அது. இந்தியாவின் ஆறுகள் ஏன் தூய்மையாகவில்லை என்ற கேள்விக்கான விடை, கான்பூர், வாராணசி போன்ற பெருநகரங்களின் பிரம்மாண்டமான நிலையங்களைவிட, இத்தகைய சிற்றூர் நிலையங்களில்தான் தெளிவாகத் தெரிகிறது.

ஆற்றைத் தூய்மைப்படுத்துவது என்றால் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது என்று ஆட்சியாளர்கள் சுமார் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 1986 ஜூன் 14 அன்று வாராணசியில் ராஜீவ் காந்தி கங்கை செயல்திட்டத்தைத் தொடங்கி வைத்தபோதும் அதே பேச்சுதான். இன்றைய பாஜக அரசு விளம்பரங்களிலும் அதே பேச்சுதான். எத்தனை நிலையங்கள், எத்தனை கோடி, எவ்வளவு திறன் என்ற மூன்று எண்களில் ஓர் ஆற்றின் கதை முடிந்துவிடுகிறது. கட்டிய நிலையம் நேற்றிரவு ஓடியதா என்ற நான்காவது கேள்விக்கு அந்த விளம்பரங்களில் இடமில்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2021 மார்ச்சில் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பு இந்த நான்காவது கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது. இந்திய நகரங்களிலும் பேரூர்களிலும் நாளொன்றுக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. நிறுவப்பட்ட திறன் 31,841 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,235 மில்லியன் லிட்டர். அதாவது நூற்றில் 28 பங்கு. எஞ்சிய 72 பங்கு ஏரிக்கோ, ஆற்றுக்கோ, நிலத்தடிக்கோ அப்படியே செல்கிறது. திறன் போதவில்லை என்பது பாதி உண்மை. இருக்கும் திறனிலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் பயன்படவில்லை என்பது மறு பாதி. இயங்கிக்கொண்டிருந்த 1,093 நிலையங்களில் விதிக்கப்பட்ட தர அளவுகளை நிறைவு செய்தவை 578 மட்டுமே என்றும் அதே கணக்கெடுப்பு கூறுகிறது. ஏறத்தாழ பாதி நிலையங்கள் மின்சாரத்தைச் செலவிட்டு, சம்பளம் கொடுத்து, அழுக்கு நீரை ஒரு வாயிலில் வாங்கி மற்றொரு வாயிலில் விடுகின்றன.

நுண்ணுயிர்களின் தொழிற்சாலை

இது ஏன் நேர்கிறது என்பதை அறிய, நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்று சற்றே பார்க்க வேண்டும். கழிவுநீரில் பெரும்பங்கு வெறும் நீர்தான். அதில் கரைந்தும் மிதந்தும் வரும் உயிர்மப் பொருள்களைத் தின்று தீர்ப்பவை நுண்ணுயிர்கள். சுத்திகரிப்பு நிலையம் என்பது உண்மையில் நுண்ணுயிர்களை வளர்க்கும் தொட்டி. அவை மூச்சுவிடக் காற்று வேண்டும். அந்தக் காற்றை ஊட்டும் ஊதுகருவிகள் இரவும் பகலும் ஓடவேண்டும். மொத்த மின்செலவில் பெரும்பகுதி இதற்கே ஆகிறது. மின்சாரம் சில மணி நேரம் நின்றால் நுண்ணுயிர்கள் திணறத் தொடங்கும். நெடுநேரம் நின்றால் மடியும். மடிந்த கூட்டத்தை மீண்டும் வளர்த்தெடுக்கப் பல நாட்கள் ஆகும். அந்த நாட்களிலும் கழிவுநீர் வந்துகொண்டேயிருக்கும். மலைநாட்டின் குளிரில் நுண்ணுயிர்களின் வேலை இயல்பாகவே மந்தமாகும் என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் தொட்டியின் அடியில் சேரும் கசடை உரிய காலத்தில் எடுத்து உலர்த்த வேண்டும். எடுக்காவிட்டால் அது வழிந்து நீருடன் வெளியேறி, செய்த வேலையையெல்லாம் கெடுத்துவிடும்.

இவை எவையும் கட்டுமானத்தோடு முடிந்துபோகும் வேலைகள் அல்ல. வயலுக்கு நாள்தோறும் சென்று மடை பார்க்கும் உழவனைப் போல, தொட்டியின் நிறத்தையும் நுரையையும் மணத்தையும் கண்டு இன்று காற்று கூட்டவேண்டுமா, கசடை இறக்கவேண்டுமா என்று முடிவு செய்யும் பழகிய தொழிலாளி ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் வேண்டும். பெருநகர நிலையத்தில் வேதியியலாளர், மின்பணியாளர், ஃபிட்டர், ஆபரேட்டர் என்று பலர் இருப்பர். சிற்றூர் நிலையத்தில் இவர்கள் அனைவரின் வேலையையும் ஒருவர் அல்லது இருவர் செய்கிறார்கள். கையாளும் நீரின் அளவு குறையக் குறைய லிட்டருக்கு ஆகும் செலவு கூடும் என்பது இத்துறையின் எளிய உண்மை. ஒப்பந்ததாரர் அந்தச் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது ஆட்களின் மீது. அடுத்து மின்சாரத்தின் மீது. மூன்றாவதாக பராமரிப்பின் மீது. மின்மாற்றியின் நிலை என்ன, எர்த் சரியாக இருக்கிறதா, இரும்புத் தகடுகளும் கைப்பிடிகளும் ஈரமும் நிறைந்த இடத்தில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதெல்லாம் இந்த மூன்றாவது இனத்தில் வருகிறது. ஆற்றில் அழுக்கு நீர் கலப்பதற்கும், தொழிலாளி மின்சாரம் பாய்ந்து இறப்பதற்கும் மூலம் ஒன்றே. ஒரே செலவுக்குறைப்பு நீரின் பக்கம் மாசாகவும் மனிதரின் பக்கம் மரணமாகவும் வெளிப்படுகிறது.

அப்படியானால் நடத்துவதற்குப் பணமே இல்லையா என்றால், அதுவும் முழு உண்மையன்று. 2016 முதல் நமாமி கங்கே திட்டத்தில் கொண்டுவரப்பட்ட கலப்பு ஆண்டுத்தொகை முறையைப் பார்க்கலாம். இதன்படி கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தை அரசு கட்டும்போதே தருகிறது; எஞ்சிய 60 சதவீதத்தை 15 ஆண்டுகளுக்குத் தவணையாக, வட்டியுடனும் இயக்கச் செலவுடனும் தருகிறது. ஒப்பந்ததாரர் கட்டிவிட்டு ஓடிப்போகாமல், நடத்திக் காட்டினால்தான் பணம் என்ற கட்டுப்பாடு இதில் இருக்கிறது என்று அதன் ஆதரவாளர்கள் கூறுவர். முன்பிருந்த முறையோடு ஒப்பிட்டால் அதில் ஓரளவு நியாயமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விலை என்ன? 15 ஆண்டுகளுக்கு ஒரு நகரின் கழிவுநீர் ஒரு நிறுவனத்தின் நிச்சய வருமானமாக எழுதிக் கொடுக்கப்படுகிறது. அந்த 15 ஆண்டுகளில் நகராட்சியிலோ மாநிலத்தின் குடிநீர் அமைப்பிலோ இத்தொழிலை அறிந்த ஒரு நிரந்தர ஊழியர்கூட உருவாவதில்லை. ஒப்பந்தம் முடியும் நாளில் அரசுக்கு மிஞ்சுவது பழைய இயந்திரங்களும், அவற்றை எப்படி ஓட்டுவது என்று தெரியாத அலுவலகமும்தான். அப்போது அடுத்த ஒப்பந்தத்துக்கும் அதே நிறுவனத்தின் வாசலில் நிற்பதைத் தவிர வேறு வழியிராது. மேலும், செலுத்தப்படும் தொகை நிலையத்தின் வாயிலில் வெளிவரும் நீரைப் பொறுத்தது. நிலையத்துக்கு வந்து சேராமலே சாக்கடை வழியாக ஆற்றில் விழும் நீர் எவருடைய கணக்கிலும் இல்லை.

சிற்றூர்களில் அந்த நீரே அதிகம். நிலையம் கட்டப்படும், ஆற்றில் விழும் பெரிய ஓடைகள் ஒன்றிரண்டைத் திருப்பி அதனுடன் இணைப்பார்கள், வீடுகளை இணைக்கும் பாதாளச் சாக்கடை மட்டும் ‘அடுத்த கட்டம்’ என்ற பெயரில் தள்ளிப் போகும். மலைச்சரிவில் குழாய் பதிப்பது கடினம், செலவு மிகுதி என்பது உண்மையே. ஆனால் அந்தக் கடினத்தின் சுமை எங்கே விழுகிறது? வீடுகளின் உறிஞ்சு குழிகளில் இறங்கும் நீர் மலையின் உட்புறத்தை நனைக்கிறது. இதே சமோலி மாவட்டத்தின் ஜோஷிமட் நகரம் 2023 ஜனவரியில் வீடு வீடாகப் பிளந்தபோது, சுட்டிக்காட்டப்பட்ட காரணங்களுள் சுரங்க வேலைகளோடு, வடிகால் இன்றி நிலத்தில் இறங்கிய கழிவுநீரும் இருந்தது. அந்நகரம் பழைய நிலச்சரிவுக் குவியலின் மீது நிற்கிறது என்று மிஸ்ரா குழு 1976லேயே எச்சரித்திருந்தது. அந்த அறிக்கைக்கும் நகரம் பிளந்ததற்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ 47 ஆண்டுகள்.

சிற்றூருக்கு ஓர் அளவு, பெருநகருக்கு ஓர் அளவு

நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் எவ்வளவு தூய்மையாக இருக்கவேண்டும் என்ற கேள்வியிலும் ஒரு வர்க்கப் பார்வை ஒளிந்திருக்கிறது. நீரிலுள்ள உயிர்மக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவே அதன் அழுக்குக்கு அளவுகோல். 2015ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு, இந்த அளவு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. 2017 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது, பெருநகரங்களுக்கு 20, ஏனைய இடங்களுக்கு 30 என்று அது தளர்ந்துவிட்டது. உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேசம், வடகிழக்கு மாநிலங்கள் போன்றவற்றின் தலைநகரங்கள்கூட இந்தத் தளர்ந்த பட்டியலிலேயே சேர்க்கப்பட்டன. சிற்றூர்க்காரர் குளிக்கும் ஆற்றில் மூன்று மடங்கு அழுக்கு கலக்கலாம் என்று அரசிதழ் சொன்னது! 2019 ஏப்ரல் 30 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த வேறுபாட்டை ஏற்க மறுத்து, எல்லா நிலையங்களுக்கும் 10 என்று ஆணையிட்டது. தீர்ப்பாயத்தின் ஆணை சரியானது. ஆனால் ஒரே ஒரு தொழிலாளியோடும் அடிக்கடி நின்றுபோகும் மின்சாரத்தோடும் நடக்கும் நிலையத்தை, ஒரு காகிதத்தில் 30ஐ அடித்து 10 என்று எழுதி மாற்றிவிட முடியாது.

அலகநந்தாவின் விஷயத்தில் அளவுகோலே ஏமாற்றக்கூடும் என்பதையும் குறிப்பிட வேண்டும். மாசடைந்த ஆற்றுப் பகுதிகள் என்று வாரியம் வகைப்படுத்துவது மேற்சொன்ன ஆக்சிஜன் தேவையை வைத்தே. 2018ல் அத்தகைய பகுதிகள் 351 என்றும், 2022ல் 311 என்றும் அது அறிவித்தது. பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் குளிர்ந்த மலையாறு காற்றிலிருந்து ஆக்சிஜனை அள்ளிக்கொண்டே ஓடுகிறது. ஆகையால் இந்த அளவுகோலில் அது எளிதில் தேறிவிடும். மலத்தோடு வரும் கிருமிகளை ஆக்சிஜன் அளவு காட்டாது. அதைக் காட்டுவது கோலிஃபார்ம் எண்ணிக்கை. 2024 நவம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வந்த விவரங்களில், கங்கோத்ரியில் உள்ள நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் திறனுள்ள நிலையத்தின் நீர் மாதிரியில், 100 மில்லிலிட்டருக்கு 540 என்ற அளவில் மலக் கோலிஃபார்ம் இருந்ததாகக் கூறப்பட்டது. குளிப்பதற்கு உகந்த நீரில் அது 500க்குள் இருப்பது விரும்பத்தக்கது என்பது வாரியத்தின் வரையறை. வேறுபாடு சிறிதுதான், இடம்தான் சிறியதன்று. கங்கையின் பிறப்பிடம் என்று கோடிக்கணக்கானோர் வணங்கும் ஊர் அது.

‘கங்கைத் தாய் அழைத்தாள்’ என்று 2014ல் வாராணசியில் வாக்குக் கேட்டவர்களின் ஆட்சி இது என்பதை உறுப்பினர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பக்தியின் பெயரால் சார்தாம் சாலைகள் அகலமாகின்றன. 2023ல் அந்த நான்கு தலங்களுக்கும் சென்றவர் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. தமிழ் வைணவ மரபுக்கும் அப்பாதை அயலானதன்று. தேவப்பிரயாகை பெரியாழ்வாரால் பாடப்பெற்ற திருத்தலம். பத்ரிநாத்தைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். இன்றும் தமிழகத்திலிருந்து அடியார்கள் கூட்டங்கூட்டமாகச் செல்கிறார்கள். அவர்கள் தங்கும் விடுதிகளின் கழிவுநீர் எந்த நிலையத்துக்குப் போகிறது, ஊரின் நிலையான மக்கள்தொகைக்கென வடிவமைக்கப்பட்ட தொட்டி ஆறு மாதத்துக்கு மட்டும் வரும் பெருங்கூட்டத்தைத் தாங்குமா என்ற கேள்விகள் யாத்திரை விளம்பரத்தில் எழுவதில்லை. பக்தரின் நம்பிக்கையைக் கேலி செய்வது பொதுவுடைமையாளரின் வேலையன்று. அந்த நம்பிக்கையை முதலாக்கி வாணிபம் செய்பவரிடம் கணக்குக் கேட்பதே வேலை.

அபராதம் யார் பையிலிருந்து?

நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. 2017 பிப்ரவரி 22 அன்று பரியாவரண் சுரக்ஷா சமிதி வழக்கில், மூன்றாண்டுகளுக்குள் உள்ளாட்சிகள் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுவி இயக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கெடு கடந்தது. 2022ல் பசுமைத் தீர்ப்பாயம் மாநிலம் மாநிலமாக இழப்பீடு விதித்தது: மகாராஷ்டிராவுக்கு 12,000 கோடி ரூபாய், மேற்கு வங்கத்துக்கு 3,500 கோடி, ராஜஸ்தானுக்கு 3,000 கோடி. தொகைகள் தலைப்புச் செய்தியாயின. ஆனால் இந்தத் தொகை யாருடையது? அரசுக் கருவூலத்தில் ஒரு தலைப்பிலிருந்து எடுத்து மற்றொரு தலைப்பில் வைக்கும் மக்களின் பணம். கட்டிய ஒப்பந்ததாரரின் பையிலிருந்தோ, கழிவைக் கலக்கும் ஆலை முதலாளியின் பையிலிருந்தோ அது வரவில்லை.

ஆலை முதலாளிக்கு 2024 பிப்ரவரியில் வேறொரு பரிசு காத்திருந்தது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, பெரும்பாலான குற்றங்களுக்கு இருந்த சிறைத்தண்டனையை ஒன்றிய அரசு நீக்கியது. அதற்குப் பதிலாக 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் போதும் என்றது. சில வகை ஆலைகளுக்கு முன்அனுமதியிலிருந்து விலக்களிக்கும் அதிகாரமும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர்களின் நியமன முறையை வகுக்கும் அதிகாரமும் ஒன்றிய அரசின் கைக்குச் சென்றன. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கும் பொருள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பேரூரின் நிலையத்துக்கு நச்சு வேதிப்பொருள் கலந்த ஆலைக்கழிவு ஒருமுறை வந்தால், அது நுண்ணுயிர்க் கூட்டம் முழுவதையும் கொல்லக்கூடும். அதற்கு 15 லட்சம் என்பது ஆலைக்குத் தொழிற்செலவுகளில் ஒன்று; கணக்கில் எழுதிவிட்டு மேலே நடக்கலாம்.

தொழிலாளியின் நிலையோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், பாதாளச் சாக்கடையில் இறங்கி இறப்போரின் குடும்பங்களுக்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. நெடிய போராட்டத்தின் பலன் அது. அந்தச் சாக்கடைக் குழாயின் மறுமுனையில் இருக்கும் நிலையத்தில் மின்சாரம் பாய்ந்து இறந்தவருக்கு அறிவிக்கப்பட்டது 5 லட்சம். ஒரே கழிவுநீர், குழாயின் எந்த முனையில் இறந்தார் என்பதைப் பொறுத்து உயிரின் விலை மாறுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கு 20 பேர் என்றிருந்த வரம்பை, 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு 50 ஆக உயர்த்தியதையும் இங்கே வைத்துப் பார்க்கவேண்டும். நான்கு பேரை வைத்து ஒரு சிறு நிலையத்தை நடத்தும் துணை ஒப்பந்ததாரர்கள் அந்த வலையின் கண்களுக்குள் நுழைந்து வெளியேறிவிடுவர்.

இவற்றுக்கெல்லாம் ‘உள்ளாட்சியிடம் ஒப்படைத்தால் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிடுவது எளிது. 1992ல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிநீரையும் பொதுச் சுகாதாரத்தையும் நகராட்சிகளுக்கு உரிய 18 பொருள்களில் சேர்த்தது. நடைமுறையில் உத்தராகண்ட் போன்ற பல மாநிலங்களில் கழிவுநீர் வேலை மாநில நிறுவனங்களின் கையில் இருக்கிறது. கட்டுவது ஒன்று, பராமரிப்பது மற்றொன்று, இயக்குவது ஒப்பந்ததாரர். தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினருக்கு நிலையத்தின் வாயிற்கதவைத் திறந்து பார்க்கக்கூட உரிமை இல்லை. விபத்து நடந்த மறுநாள் ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டிக்காட்டுவதற்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு இது. அதிகாரத்தை மட்டும் மாற்றி, பணத்தையும் ஆட்களையும் தராமல் விட்டால், நகராட்சியும் மறுநாளே டெண்டர் விடும். ஆகையால் கோரிக்கை முழுமையாக இருக்கவேண்டும்: பொறுப்பும், இயக்கத்துக்கான நிதியும், நிரந்தரப் பணியிடங்களும் சேர்ந்தே நகராட்சிக்கு வரவேண்டும். சிற்றூர் ஒவ்வொன்றும் தனித்தனியே வேதியியலாளரை அமர்த்த இயலாது. மாவட்ட அளவில் ஒரு பொதுத்துறைத் தொழில்நுட்ப அணி பத்துப் பதினைந்து நிலையங்களைச் சுற்றிவந்து கவனிக்கலாம். அதற்கு ஆகும் செலவு ஒன்றும் நாட்டைத் திவாலாக்கிவிடாது.

மக்கள் பங்கேற்பு என்ற சொல்லை உலக வங்கியின் அறிக்கைகள் தேய்த்துத் தேய்த்து வெளிறச் செய்துவிட்டன. ஆனால் அந்தச் சொல்லுக்கு உயிரான உதாரணம் கொல்கத்தாவின் கிழக்கே இருக்கிறது. நகரின் கழிவுநீரை வாங்கி, வெயிலும் பாசியும் மீன்களும் கொண்டு தூய்மையாக்கும் கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம் சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ளது. 2002ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஊதுகருவி இல்லை, நுண்ணுயிருக்கு மின்சாரமும் தேவைப்படவில்லை. எந்த நாளில் எவ்வளவு கழிவுநீரைக் குளத்துக்குள் விடவேண்டும் என்பது மீனவத் தொழிலாளர்களின் தலைமுறை அறிவு; குளங்கள் சிலவற்றை அவர்களின் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. அந்த அறிவை உலகறியச் செய்த பொறியாளர் துருபஜோதி கோஷ் 2018ல் மறைந்தார். மலைச்சரிவில் அத்தகைய குளங்களுக்கு இடமில்லை. எல்லா ஊரிலும் அதைப் படியெடுக்கவும் இயலாது. எனினும், சுத்திகரிப்பைத் தாங்கி நிற்பது உழைப்பவரின் தேர்ச்சிதான் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. வீட்டுமனை வணிகர்களின் கண் பல ஆண்டுகளாக அந்த நிலத்தின் மீதுதான் இருக்கிறது.

மறுபுறத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2022ல் கோழிக்கோட்டில் ஆவிக்கல் தோடு, கோதி ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க மாநகராட்சி முனைந்தபோது, அங்கு நெருக்கமாக வாழும் எளிய மக்கள் கடுமையாக எதிர்த்தனர். மாநகராட்சி இடதுசாரிகளின் கையில் இருந்தது. எதிர்ப்பில் அரசியல் லாபம் தேடியவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்துவது தவறு. நிலையம் என்றால் நாற்றமும் வழிந்தோடும் கசடும்தான் என்று நாடெங்கும் அரைகுறையாக நடக்கும் நிலையங்கள் மக்களுக்குக் கற்பித்திருக்கின்றன. ஒழுங்காக இயங்கும் நிலையமொன்றைக் காணாத மக்களிடம் விஞ்ஞானப் பிரசங்கம் எடுபடாது. பிற ஊர்களில் ஆண்டுக்கணக்காகப் பராமரிப்பில் மிச்சம் பிடித்ததன் விலையைக் கோழிக்கோடு செலுத்த நேர்ந்தது.

சமோலி மாவட்டம் போராட்டத்துக்குப் புதிதன்று. 1973ல் கோபேஷ்வருக்கு அருகிலுள்ள மண்டல் கிராமத்திலும், 1974ல் கௌரா தேவியின் தலைமையில் ரேணி கிராமத்திலும் ஊர்மக்கள் மரங்களைக் காத்த சிப்கோ இயக்கம் அம்மண்ணில்தான் பிறந்தது. ஜோஷிமட் பகுதியில் அவ்வியக்கத்துக்காக ஊர் ஊராக நடந்தவர்களுள் பொதுவுடைமைக் கட்சி ஊழியர் கோவிந்த் சிங் ராவத் முதன்மையானவர். பின்னாளில் நூல்கள் சிப்கோவைப் பக்தியும் இயற்கை நேசமும் கலந்த கதையாக எழுதிக்கொண்டபோது, இவர் போன்றவர்களின் பெயர் ஓரத்துக்குப் போயிற்று. காட்டின் மீது யாருக்கு உரிமை, காட்டில் கிடைக்கும் வேலையும் வருமானமும் யாருக்கு என்பதே அன்றைய கேள்வி. அதே ரேணியின் அருகே 2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்கா வெள்ளம் 200க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அவர்களில் பெரும்பாலோர் நீர்மின் திட்டங்களில் வேலை செய்த தொழிலாளர்கள். காடு, அணை, சாக்கடை என்று பொருள் மாறினாலும் ஆற்றங்கரையில் கேட்கப்படும் கேள்வி அதேதான்.

தொழிற்சங்க இயக்கம் இந்தத் துறையில் செய்யவேண்டியது மிகுதி. ஓர் ஊரில் மூவர், அடுத்த ஊரில் நால்வர் என்று சிதறிக் கிடக்கும் இத்தொழிலாளரைத் திரட்டுவது ஆலை வாயிலில் கூட்டம் போடுவது போல எளிதன்று. ஒரு மாவட்டத்தின் எல்லா நிலையங்களையும் ஒரே அலகாகக் கொண்டு சங்கம் அமைத்தால்தான் ஒப்பந்ததாரருடன் பேசும் வலு பிறக்கும். கட்சியின் நகராட்சி உறுப்பினர்களுக்கும் கிளைகளுக்கும் அதைவிட எளிதான தொடக்கம் ஒன்று உண்டு. நிலையத்தின் தரப் பதிவேட்டில் எதையும் எழுதலாம். மாதிரி எடுக்கும் நாளில் மட்டும் கருவிகளை ஓட்டலாம். மின்கட்டணப் பட்டியலில் அவ்வளவு எளிதாகப் பொய் எழுத முடியாது. காற்றூட்டும் கருவிகள் இரவு பகலாக ஓடியிருந்தால் அலகுகள் ஏறியிருக்கும், ஓடவில்லையென்றால் ஏறியிராது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஊரின் சுத்திகரிப்பு நிலையத்துக்குரிய கடந்த 24 மாத மின்கட்டணப் பட்டியலையும், அதே மாதங்களில் அது சுத்திகரித்ததாகக் காட்டிய நீரின் அளவையும், பணியில் இருந்தவர்களின் வருகைப் பதிவேட்டையும், கடைசியாக எர்த் சோதித்த தேதியையும் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். விடை வந்ததும் அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்து, நகர்மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் வைக்கலாம்.